தாத்தாவின் சவரக்கத்தியில் பல் விழுந்துவிட்டது, சாணைக்குக் கொடுக்கலாமா?

வாசகர் கேள்வி, அக்டோபர் 4

ஐயா, தாத்தா பயன்படுத்திய சவரக்கத்தி என்னிடம் வந்திருக்கிறது. அலகின் கழுத்தில் ‘சோலிங்கன்’ என்று பொறித்திருக்கிறது. அதிலேயே சவரம் செய்யப் பழகலாம் என்று எடுத்தேன். கழுவும்போது குழாயில் பட்டு வாயில் பல் விழுந்துவிட்டது, அதாவது வெட்டும் விளிம்பு ஓரிடத்தில் சின்னதாக உடைந்துவிட்டது. சமையலறைக் கத்திக்கு வைத்திருக்கும் கல்லில் கொஞ்சம் தேய்த்தேன். பல் போகவில்லை, கத்தி முன்பைவிட அதிகமாக முடியை இழுக்கிறது. வாயைக் கல்லின்மேல் நேராக நிறுத்தி, பல் மறையும்வரை அறுப்பதுபோல் தேய்த்துவிடச் சொல்கிறார் நண்பர். தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுக்கச் சொல்கிறார் அப்பா. எதைச் செய்வது?

அக்டோபர் 4, இரவு

இரண்டும் வேண்டாம் தம்பி. இப்போதைக்குக் கத்தியைத் துடைத்து மூடி வையுங்கள்.

சாணைச் சக்கரம் அரிவாளுக்கும் அரிவாள்மணைக்கும் உரியது. அந்த வேலையில் சாணைக்காரர்கள் கெட்டிக்காரர்கள், அதில் சந்தேகமே இல்லை. சவரக்கத்தியின் அலகு வேறு வகை. இரு பக்கமும் குழிவாக அரைத்து, வாயை நெருங்க நெருங்க மெலிந்துகொண்டே போகும். அவ்வளவு மெல்லிய இடத்தில் சக்கரம் பட்டால் சூடு பரவ இடமில்லை, நொடியில் ஏறிவிடும். கடினமாக்கிய எஃகை ஏறத்தாழ 150 முதல் 200 பாகை செல்சியஸில் தணித்துத்தான் இந்தக் கத்திகளுக்குப் பதம் வைக்கிறார்கள். அதைத் தாண்டிச் சூடேறினால் பதம் இறங்கிவிடும், எஃகு மென்மையாகிவிடும். வாயோரம் வைக்கோல் நிறமோ நீலமோ பூத்தால் அந்த இடம் போய்விட்டது என்று அர்த்தம். பல் விழுந்த கத்தியைக் கல் மீட்டுவிடும். பதம் போன கத்தியை எந்தக் கல்லும் மீட்காது.

அக்டோபர் 5

நண்பர் சொன்ன வழியைப் பற்றி நேற்று எழுதவில்லை. வாயைச் செங்குத்தாக நிறுத்தித் தேய்ப்பது அனுபவசாலிகள் கையாளும் முறைதான், தவறான முறை இல்லை. ஆழமான பல்லுக்கு அதைவிட விரைவான வழி கிடையாது. ஆனால் தேய்த்து முடித்ததும் கையில் இருப்பது வாயே இல்லாத ஒரு தகடு. இரு பக்கச் சரிவுகளும் மறுபடி ஒரு கோட்டில் சந்திக்கும்வரை பொறுமையாகத் தீட்ட வேண்டும். சரிவை அமைக்கத் தெரிந்தவருக்கு அது ஒரு மாலை நேர வேலை. தெரியாதவர் பாதியில் விட்டுவிடுவார். புதிதாகப் பழகுபவர்கள் கெடுத்த கத்திகள் பல என் கைக்கு வந்திருக்கின்றன. அவற்றில் பழைய சேதம் தின்ற எஃகைவிட, சரிசெய்யப் போய்த் தின்ற எஃகுதான் எப்போதும் அதிகமாக இருந்திருக்கிறது.

அதனால் முதலில் பாருங்கள். நகைக்கடையில் கல் பார்க்க வைத்திருப்பார்களே, பத்து மடங்கு பெரிதாக்கும் சின்ன லென்ஸ், அது ஒன்று வாங்குங்கள். வெயிலிலோ மேசை விளக்கின் கீழோ கத்தியின் வாய் உங்களை நோக்கி இருக்கும்படி பிடித்து மெல்லத் திருப்புங்கள். கூரான வாய் ஒளியைத் திருப்பி அனுப்பாது. பளிச்சென்று புள்ளி தெரிந்தால் அங்கே பல், அல்லது மடங்கல், அல்லது மழுங்கல்.

பிறகு, பல்லுக்குப் பக்கத்தில் உங்கள் தலைமுடி ஒன்றை வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள். தலைமுடியின் தடிமன் பெரும்பாலும் 0.05 முதல் 0.1 மில்லிமீட்டருக்குள் இருக்கும். எத்தனை முடி ஆழம் என்று தெரிந்தால் எவ்வளவு எஃகு போக வேண்டும் என்று சொல்லிவிடலாம்.

அக்டோபர் 5, சற்று நேரம் கழித்து

லென்ஸ் கிடைக்கும்வரை: கட்டைவிரல் நகத்தை ஈரமாக்கி, அதன்மேல் கத்தியின் சொந்த எடையோடு மட்டும் வாயைக் குதியிலிருந்து (பிடியை ஒட்டிய முனை) நுனிவரை இழுத்துப் பாருங்கள். நல்ல வாய் ஒரே சீராகப் போகும். பல் இருக்கும் இடத்தில் தடுக்கும். இது கூர்மையைச் சொல்லும் சோதனை அல்ல, பல்லைக் கண்டுபிடிக்க மட்டும். வாய் நன்றாக இருக்கும் கத்தியில் இதைச் செய்யாதீர்கள், நகமே வாயைச் சற்று மழுக்கிவிடும்.

அக்டோபர் 7

சமையலறைக் கல்லில் தேய்த்த பிறகு ஏன் அதிகமாக இழுக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டு காரணங்கள் இருக்கலாம்.

நம் வீடுகளில் இருக்கும் கறுப்புக் காரபொரண்டம் கல் மிகவும் கரடு. அது விட்ட கீறல்கள் வாய்வரை ஓடி, அதை ரம்பமாக்கிவிடும். இன்னொன்று, சமையல் கத்தியைப் பிடிப்பதுபோல் முதுகைத் தூக்கிப் பிடித்திருப்பீர்கள். சவரக்கத்தியில் முதுகு கல்லை விட்டு எழவே கூடாது. முதுகும் வாயும் சேர்ந்தே கல்லில் படுத்திருக்க வேண்டும். அந்த முதுகின் தடிமன்தான் வாயின் கோணத்தை முடிவுசெய்கிறது. முதுகு 5.5 மில்லிமீட்டர், அங்கிருந்து வாய்வரை அகலம் 20 மில்லிமீட்டர் என்றால், இரு பக்கமும் சேர்த்து ஏறத்தாழ 16 பாகை கிடைக்கும். செய்தவர் அந்தக் கோணத்தைக் கத்திக்குள்ளேயே வைத்துத் தந்திருக்கிறார். நாம் கையால் கோணம் பிடிக்க வேண்டியதே இல்லை. எனக்கு இந்தக் கத்தியின்மேல் இருக்கும் மதிப்பில் பெரும்பகுதி இதற்காகத்தான்.

அக்டோபர் 9

படங்கள் வந்தன. தெளிவாக எடுத்திருக்கிறீர்கள்.

மூன்று பற்கள் இருக்கின்றன. நடுவில் இருப்பது இரண்டு முடி ஆழம். நுனிக்கு அருகில் ஒன்று, ஒரு முடி ஆழம். குதியில் இருப்பதுதான் பெரியது, ஐந்து முடி இருக்கும். அது குழாயில் பட்டதாகத் தெரியவில்லை. அதன் ஓரங்கள் கறுத்து உருண்டிருக்கின்றன. உங்கள் தாத்தா காலத்துப் பல்லாக இருக்கலாம். அவர் அதோடேயே சவரம் செய்திருக்கலாம்.

முதல் இரண்டையும் செங்குத்தாகத் தேய்க்காமல், 1000 கல்லில் படுக்க வைத்துத் தீட்டியே எடுத்துவிடலாம். பற்கள் லென்ஸில் மறையும்வரை 1000. பிறகு 4000, பிறகு 8000. எண் கூடக் கூடக் கல் நயமாகும். குதிப் பல்லை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

வாயோரம் சில கரும்புள்ளிகள் தெரிகின்றன. அழுக்கா துருவா என்று படத்தில் சொல்ல முடியவில்லை. ஸ்பிரிட்டில் துடைத்து மறுபடி ஒரு படம் அனுப்புங்கள்.

அக்டோபர் 10

எந்தக் கல் வாங்குவது என்று இங்கே இன்னும் பலர் கேட்கிறார்கள். விலை அதிகமானதைத் தேட வேண்டாம். ஜப்பானின் கிங் 1000/6000 இரட்டைக் கல் கிடைத்தால் தொடங்குவதற்கு அது போதும். நார்டன் 4000/8000 பல காலமாகச் சவரக்கத்திக்காரர்கள் நம்பும் கல். பெல்ஜியத்தின் ஆர்டென் மலைப்பகுதியில், வீல்சாம் ஊரைச் சுற்றித் தோண்டி எடுக்கும் கொட்டிகியூல் என்னும் மஞ்சள் கல் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத கார்னெட் என்னும் கடினமான கனிம மணிகள் உள்ளே நிறைந்திருப்பதால்தான் அது எஃகைத் தின்கிறது. அந்தக் கல்லில் முடித்த கத்தி முகத்தில் எவ்வளவு மென்மையாகப் போகும் என்பதை எனக்கு எழுதத் தெரியவில்லை. ஆனால் அது இரண்டாவது, மூன்றாவது கத்திக்காரரின் ஆசை. இப்போது வேண்டாம்.

எந்தக் கல்லானாலும் முகம் சமமாக இருக்க வேண்டும். புதுக் கல்லும் சமமாக இருக்கும் என்று நம்பாதீர்கள். கல்லின்மேல் பென்சிலால் கட்டம் கட்டமாகக் கோடு போடுங்கள். தடிமனான கண்ணாடியில் வாட்டர் பேப்பரை (நீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) ஒட்டி, நீர் விட்டு, கல்லைக் கவிழ்த்துத் தேயுங்கள். எல்லாக் கோடுகளும் அழிந்தால் கல் சமம். நடுவில் கோடு மிச்சமிருந்தால் அங்கே பள்ளம்.

அக்டோபர் 12

தீட்டத் தொடங்கும் முன் ஒரு வேலை. சரிவு முழுவதும், இரு பக்கமும், மார்க்கர் பேனாவால் மை பூசுங்கள். 1000 கல்லில் நாலைந்து முறை இழுத்துவிட்டு லென்ஸில் பாருங்கள். மை எங்கே போயிருக்கிறதோ அங்கேதான் கல் படுகிறது. வாயின் கடைசி விளிம்பில் மை தங்கியிருந்தால் எத்தனை முறை தேய்த்தாலும் கூர் வராது.

குதியிலும் நுனியிலும் மட்டும் மை போய், நடுவில் தங்கினால் வாய் உள்வாங்கி வளைந்திருக்கிறது. சமமான கல்லில் முதலில் இரு முனைகளும் தேய்ந்து, வாய் நேரான பிறகுதான் நடுப்பகுதிக்குக் கல் எட்டும். குதியில் மட்டும் மை தங்கினால், அலகின் குதியோரம் தடித்திருக்கும் தோள் கல்லின்மேல் ஏறி வாயைத் தூக்குகிறது என்று பொருள். அப்போது கத்தியைக் கல்லிலிருந்து சற்று வெளியே தள்ளி, தோள் படாமல் தீட்டுங்கள். இந்த ஒன்று தெரியாமல் குதியைப் பாழாக்கியவர்கள் நிறையப் பேர்.

இழுக்கும்போது வாய் முன்னே போகட்டும், முதுகு பின்னே வரட்டும். வாய் ஏறத்தாழ ஏழு சென்டிமீட்டர் நீளம் இருக்கும். கல் அதைவிடக் குறுகலாக இருந்தால் குதியில் தொடங்கி நுனியில் முடியும்படி குறுக்காக இழுங்கள். திருப்பும்போது முதுகின்மேல் உருட்டித் திருப்புங்கள். வாயின்மேல் ஒருபோதும் உருட்டாதீர்கள்.

அக்டோபர் 13

முதுகில் இன்சுலேஷன் டேப் ஒட்ட வேண்டுமா என்று ஒருவர் வாதிடுகிறார். ஒட்டினால் கோணம் கெட்டுவிடும் என்கிறார் இன்னொருவர். கணக்குப் போட்டுப் பாருங்கள். டேப் ஒரு சுற்று ஏறத்தாழ 0.13 மில்லிமீட்டர். இரு பக்கமும் சேர்த்து முதுகில் 0.26 கூடும். நான் மேலே சொன்ன அளவுள்ள கத்தியில் இது ஒரு பாகைகூட ஏற்றாது. பல் எடுக்கும்போது நெடுநேரம் தேய்க்க வேண்டியிருக்கும். டேப் இல்லாவிட்டால் முதுகும் கூடவே தேய்ந்து பட்டையாகும், தாத்தாவின் கத்தியில் அந்தத் தழும்பு நிரந்தரமாகிவிடும். ஒட்டுங்கள். ஓரம் கிழிந்ததும் மாற்றுங்கள். ஒரு முறை டேப்போடு முடித்தால் அடுத்த முறையும் டேப்போடு தீட்டுங்கள், அவ்வளவுதான்.

அக்டோபர் 18

‘ஊரில் எத்தனையோ சவரக்கடை இருக்கிறதே, அங்கே கேட்டால் தீட்டித் தரமாட்டார்களா?’

இன்று தருவது கடினம். இந்தியாவில் எச்.ஐ.வி தொற்று முதன்முதலாக 1986-ல் சென்னையில்தான் கண்டறியப்பட்டது. அதற்குப் பிந்தைய ஆண்டுகளில், ஒரே கத்தியை எல்லோருக்கும் பயன்படுத்துவது ஆபத்து என்ற விழிப்பு பரவப் பரவ, கடைகள் பிளேடை இரண்டாக ஒடித்துப் பாதியைச் செருகும் கத்திக்கு மாறின. அது மிகச் சரியான மாற்றம். ஆனால் அதோடு கல்லும், கத்தியை இழுத்து வாயைச் சீராக்கும் வாரும் (தோலும் துணியும் சேர்ந்த பட்டை) கடையை விட்டுப் போய்விட்டன. எங்கள் கும்பகோணத்துத் தெருவில் கடை வைத்திருந்த பெரியவர், கத்தியை உள்ளங்கையில் இப்படியும் அப்படியும் நாலு முறை புரட்டுவார். அந்தச் சத்தத்திலேயே வாய் எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடுவார். எனக்குக் கல்லில் கத்தியைப் படுக்க வைக்கக் கற்றுத்தந்தவர் அவர். அழுத்தினால் என் மணிக்கட்டைத் தட்டுவார். அவர் பிள்ளைகளுக்கு அந்த வேலை தேவைப்படவில்லை. தலைமுறைகளாகக் கையில் இருந்த ஓர் அறிவு, கேட்க ஆளில்லாமல் போனதை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தம்தான். நான் இவ்வளவு நீளமாக எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இதே காரணத்தால், தாத்தாவின் கத்தி இனி உங்கள் ஒருவருடைய கத்தி. வேறு யார் முகத்திலும் வைக்காதீர்கள்.

அக்டோபர் 24

நடுப் பல்லும் நுனிப் பல்லும் மறைந்துவிட்டன என்று எழுதியிருக்கிறீர்கள். மிக்க மகிழ்ச்சி. முன்கை முடி தோலுக்கு மேலேயே வெட்டுப்படுகிறது என்றால் 1000 கல் தன் வேலையை முடித்துவிட்டது.

அடுத்த கல்லுக்குப் போகும் முன் கத்தியைக் குழாயடியில் கழுவுங்கள். கையையும் கழுவுங்கள். 1000 கல்லின் ஒரு துகள் 8000 கல்லில் விழுந்து வாய்க்கடியில் சிக்கினால் புதிதாக ஒரு பல் விழும். தேடினாலும் காரணம் அகப்படாது. குழாயிலிருந்து விலகி நின்று கழுவுங்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நவம்பர் 2

புது விஷயம். இழையைத் தொடர்ந்து படிப்பவர்கள் கவனியுங்கள்.

தாத்தாவின் கத்தியை வைத்திருக்கும் தம்பி எழுதியிருக்கிறார். முதல் சவரம் நன்றாக இருந்ததாம். அடுத்த முறை இழுத்ததாம். லென்ஸில் பார்த்தால் நடுப்பகுதியில் பொடிப்பொடியாகப் பற்கள். குழாயில் படவில்லை, கீழே விழவில்லை. முடியை வெட்டியே எஃகில் பல் விழுமா என்று கேட்கிறார்.

விழும். அமெரிக்காவின் எம்.ஐ.டி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-ல் ‘சயின்ஸ்’ இதழில் இதைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சவர பிளேடின் எஃகு முடியைவிட ஏறத்தாழ 50 மடங்கு கடினமானது. ஆனாலும் முடி வாயை உடைப்பதை மின்னணு நுண்ணோக்கியின் கீழ் அவர்கள் பார்த்தார்கள். முடி வளைந்து சாய்வாக மோத வேண்டும், மோதும் இடத்தில் எஃகின் உள்ளமைப்பு ஒரே சீராக இல்லாமல் இருக்க வேண்டும், அங்கே ஏற்கெனவே நுண்ணிய குறை இருக்க வேண்டும். இவை கூடும்போது வாய் தேய்வதில்லை, விள்ளுகிறது. அவர்கள் ஆராய்ந்தது தூக்கி எறியும் பிளேடை. நம் கத்தியின் எஃகு வேறு, அரைப்பு வேறு. இருந்தாலும் முதல் சவரத்திலேயே இவ்வளவு என்றால், வாயில் ஏற்கெனவே குறை இருந்திருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

நவம்பர் 2, இரவு

அக்டோபர் 9-ல் கேட்ட படத்தை இன்று அனுப்பியிருக்கிறார். ஸ்பிரிட்டில் துடைத்த பிறகும் கரும்புள்ளிகள் அப்படியே இருக்கின்றன. துருதான். மேலே தெரிவது புள்ளி, உள்ளே அது குழி. புதிய வாய் சரியாக அந்தக் குழி வரிசையின் மேலேயே வந்து நிற்கிறது. ஒவ்வொரு குழியும் ஓர் உளுத்த இடம். முடி மோதியதும் அங்கங்கே விள்ளுகிறது.

ஆகவே அளவு மாறுகிறது. பற்கள் மறையும்வரை 1000 என்று முன்பு எழுதினேன். இந்தக் கத்திக்கு, குழி வரிசையைத் தாண்டிச் சுத்தமான எஃகு வரும்வரை 1000. படத்தில் பார்த்தால் இன்னும் ஒரு முடி ஆழம் போனால் போதும். 4000-ஐயும் 8000-ஐயும் தொடவே வேண்டாம். லென்ஸில் வாய் முழுவதும் கரும்புள்ளி இல்லாமல் ஓடும்வரை அவற்றை அலமாரியில் வையுங்கள்.

நவம்பர் 4

எஃகே மட்டமாக இருக்குமோ, முத்திரை போலியோ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். முத்திரையை வைத்து மட்டும் எதுவும் சொல்ல முடியாது. ஆனால் கத்திகளுக்குப் பேர்போன ஜெர்மன் நகரம் சோலிங்கன், அந்தப் பெயருக்கு 1938 முதல் ஜெர்மனியில் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. அந்த வட்டாரத்தில் செய்யாத கத்தியில் அங்கே அந்தப் பெயரைப் போட முடியாது. அந்த நகரின் கிராஃப்ராத் பகுதியில் கத்திகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். ஒரு முறை போய்ப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

மட்டமான, மென்மையான எஃகு விள்ளாது, மடங்கும். லென்ஸில் ஒரு பக்கம் ஒளிக்கோடு தெரியும், வாரில் இழுத்தால் பெரும்பாலும் நிமிரும். இவருடையது விள்ளுகிறது. துரு என்ற என் முடிவில் மாற்றமில்லை.

நவம்பர் 11

குழி வரிசை போய்விட்டது. படம் பார்த்தேன். நடுவிலிருந்து நுனிவரை வாய் சுத்தமாக இருக்கிறது. ‘நாலு சவரம் முடிந்தது, இன்னும் இழுக்கவில்லை’ என்கிறார். இதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

ஆனால் வாரில் ஒரு வெட்டு விழுந்திருக்கிறது என்று கடைசி வரியில் சேர்த்திருக்கிறார். அதை முதல் வரியில் சொல்லியிருக்க வேண்டும்.

நவம்பர் 11, தொடர்ச்சி

வாரில் வெட்டு விழுந்தால் கத்தி வாயின்மேல் புரண்டிருக்கிறது. வேகம்தான் காரணம். பழைய சவரக்காரர்கள் படபடவென்று இழுத்ததைப் பார்த்துவிட்டு எல்லோரும் அந்த வேகத்தில் தொடங்குகிறார்கள். வாரில் கல்லுக்கு நேரெதிர்: முதுகு முன்னே போக வேண்டும், வாய் பின்னே வர வேண்டும். ஒவ்வொரு கோடியிலும் நிறுத்துங்கள், முதுகின்மேல் புரட்டுங்கள், பிறகு இழுங்கள். மெதுவாகச் செய்தால் பலன் ஒன்றும் குறையாது. வாரை விறைப்பாகப் பிடியுங்கள். தொய்ந்தால் தோல் வாயைச் சுற்றி வளைந்து, தீட்டிய கூர்மையையே மழுக்கிவிடும். முதலில் துணிப்பக்கம் இருபது முறை, பிறகு தோல்பக்கம் ஐம்பது முறை போதும்.

வெட்டின் ஓரம் தூக்கியிருந்தால் நுண்ணிய வாட்டர் பேப்பரால் தேய்த்துச் சமமாக்குங்கள். பிளவு திறந்திருந்தால் கொஞ்சம் ரப்பர் பசை. ஓரம் தூக்கிய வாரில் இழுத்தால் வாயில் அதே இடத்தில் தினமும் அடி விழும்.

நவம்பர் 15

தேங்காய் எண்ணெய் தடவி வைக்கலாமா? நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள்.

வேண்டாம். நாளாக நாளாகச் சிக்குப் பிடிக்கும், காறலெடுக்கும். தையல் இயந்திரத்துக்கு விடும் எண்ணெய் போதும், மலிவானது, கெடாது. இப்போது சென்னையில் மழை. குளியலறையில் கத்தியை வைத்தால், வெளியே ஒன்றும் தெரியாமலே வாய் துருப்பிடிக்கும். அலகிலேயே மிக மெல்லிய இடம் வாய்தான், துரு அங்கேதான் முதலில் தன் வேலையைக் காட்டும். சவரம் முடிந்ததும் கழுவி, முதுகிலிருந்து வாயை நோக்கித் துடையுங்கள், வாயின் நீளத்துக்கு இழுக்காதீர்கள். வாரின் துணிப்பக்கத்தில் சில முறை இழுத்தால் ஈரம் போய்விடும். பிறகு எண்ணெய். தோல் உறையில் போட்டு மூடி வைக்க வேண்டாம், தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

பிடி எதனால் ஆனது என்றும் பாருங்கள். பழைய கத்திகளில் செல்லுலாய்டு என்னும் பழைய வகைப் பிளாஸ்டிக் பிடி நிறைய உண்டு. அது சிதையத் தொடங்கினால் அமில ஆவி விடும். கத்தியை மடித்தபடி வைத்திருந்தால், ஆவி பட்ட இடமெல்லாம் அலகு அரிக்கும். உங்கள் கத்தியில் துருப்புள்ளிகள் பிடிக்குள் மடங்கும் பகுதியில் மட்டும் வரிசையாக இருந்ததைப் பார்க்கும்போது எனக்கு அந்தச் சந்தேகம் வருகிறது. பிடியில் வெடிப்போ, புளித்த நெடியோ இருந்தால் பிடியை மாற்றியே ஆக வேண்டும். மாற்றாமல் எவ்வளவு தீட்டினாலும் குழிகள் திரும்ப வரும்.

நவம்பர் 19

நெடி இருக்கிறதாம், கற்பூரம் கலந்த புளிப்பு நெடி. செல்லுலாய்டு செய்வதிலேயே கற்பூரம் சேர்கிறது, அதனால் கற்பூர வாசனை மட்டும் என்றால் கவலையில்லை. புளிப்பு சேர்ந்தால் சிதைகிறது. மரப்பிடி போட்டுவிடுங்கள். பழைய பிடியைத் தூக்கி எறிய மனம் வராவிட்டால் கத்தியிடமிருந்து தள்ளி, காற்றாட, நெருப்பில்லாத இடத்தில் வையுங்கள். செல்லுலாய்டு எளிதில் பற்றிக்கொள்ளும்.

டிசம்பர் 6

மரப்பிடி அழகாக வந்திருக்கிறது. குதியில் இருக்கும் அந்தப் பெரிய பல்லை இனியாவது எடுத்துவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

எடுக்க வேண்டாம். தொடக்கத்தில் அது ஐந்து முடி ஆழம், அதாவது 0.25 முதல் 0.5 மில்லிமீட்டர். இதுவரை தீட்டியதில் கொஞ்சம் குறைந்திருந்தாலும் இன்னும் மிச்சம் இருக்கிறது. அந்த ஒரு மூலைக்காக வாய் முழுவதையும் அவ்வளவு பின்னுக்குக் கொண்டுபோக வேண்டும். முறையாகப் பயன்படுத்தி, தேவைப்படும்போது மட்டும் நயமான கல்லில் தீட்டுபவருக்கு அது பல ஆண்டுத் தேய்மானம். முகத்தில் குதி படும் இடம் மிகக் குறைவு. கன்னத்துக்கு நடுப்பகுதி, மீசைக்கும் மோவாய்க்கும் நுனி. அந்தப் பல் தோலைக் கிள்ளாமல் இருந்தால் போதும். பல் குத்தும் குச்சியில் நுண்ணிய வாட்டர் பேப்பரைச் சுற்றி, பல்லின் இரு ஓரங்களையும் மெல்ல உருட்டிவிடுங்கள். பிறகு ஈரப் பஞ்சை அதன்மேல் இழுத்துப் பாருங்கள். நார் சிக்காவிட்டால் தோலும் சிக்காது. ஒவ்வொரு முறை தீட்டும்போதும் அது தானாகவே கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுக்கும்.

நுரை அந்தப் பல்லுக்குள் தங்கும். துடைக்கும்போது அங்கே ஒரு முறை கூடுதலாகத் துடையுங்கள், எண்ணெயும் அங்கே ஒரு சொட்டுக் கூடுதலாக வையுங்கள்.